பகலில் மட்டும் நடுங்கும் மலை

செப்டம்பர் 4

தண்ணீர் கேன்காரர் இன்றும் வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி வைத்துவிட்டுக் கிளம்பியதில் அலுவலகத்துக்குத் தாமதம். தாணுமாலயன் சார் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவர் கண்டிப்பது அப்படித்தான்.

தேசிய நிலநடுக்கப் பட்டியலின் தென்பகுதி இந்த முறை என் பொறுப்பு. நாடு முழுவதும் உள்ள நிலையங்களில் பதிவான நடுக்கங்கள் எல்லாம் நாள், இடம், ஆழம், அளவு என்று ஒரே வரிசையில் வர வேண்டும். டிசம்பரில் வெளியீடு. அதன் பிறகு ஆராய்ச்சி மாணவர்கள், அணைப் பொறியாளர்கள், காப்பீட்டு நிறுவனத்தார் என எல்லோரும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பட்டியலில் இல்லாத நடுக்கம் அவர்களைப் பொறுத்தவரை நடக்காத ஒன்று.

வெளியிடுமுன் சலித்தாக வேண்டும். கருவிக்கு எல்லா அதிர்வும் ஒன்றுதான். பூமி நடுங்கினாலும் எழுதும், கல்குவாரியில் வெடி வைத்தாலும் எழுதும். அதற்காக ஒரு நிரல் இருக்கிறது. அலுவலகத்தில் அதைச் சல்லடை என்போம். குவாரிக்குப் பக்கத்தில், ஆழமில்லாமல், பகல் வேலை நேரத்தில் மட்டும் வரும் சிறு அதிர்வுகளை அது வெடி என்று குறித்துத் தள்ளிவிடும். மனிதன் பகலில் வேலை செய்கிறான்; பூமிக்கு இரவு பகல் தெரியாது. அதன் தத்துவம் அவ்வளவுதான். இப்போது எல்லா மண்டலங்களும் அதையே பயன்படுத்துகின்றன.

மாலையில் மாவு அரைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு அரைத்தாலும் மிஞ்சுகிறது.

செப்டம்பர் 7

அரசடிக்குளத்திலிருந்து அண்ணன் பேசினான். ஊரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் அண்டா, நாற்காலி, தார்ப்பாய் அவனிடமிருந்துதான் போகும்.

“ஏட்டி செம்பகம், கடையில அடுக்கி வச்ச போணி, சட்டியெல்லாம் கெடந்து சலசலங்குது. நேத்து ஒரு அண்டா உருண்டு வாசலுக்கே வந்துட்டு. என்னன்னு பாரு.”

“பூனையா இருக்கும்ணே.”

“அண்டாவ உருட்டுத பூனைய நீ பாத்துருக்கியா? ஊர்ல ஆளாளுக்குப் பேசுதாவ. கலெக்டர்ட்ட மனு குடுக்கணும்னு நிக்காவ.”

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஊருக்கு மேற்கே தோணிமலை அணை. அணைக்கு இந்தப் பக்கம் ஜல்லிக் குவாரி. சுற்றிலும் சிறு சிறு அதிர்வுகள் நிறைய. எல்லாம் பகலில். ஒன்றுகூட இரவில் இல்லை. சல்லடை எல்லாவற்றையும் வெடி என்று குறித்து வைத்திருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பகலோடு நிற்கும் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் படமாகப் போடலாம்.

“குவாரி வெடிண்ணே. பயப்பட ஒண்ணுமில்ல.”

“ராத்திரியும் ஆடுன மாதிரி இருந்துன்னு உன் மதினி சொல்லுதா.”

“ராத்திரி பதிவே இல்ல. மதினி சொப்பனம் கண்டிருப்பாவ.”

“அப்பம் சரி. நீ சொன்னா சரிதான்.”

வைத்த பிறகு வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது. படித்த படிப்பு ஊருக்கு உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 12

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. தரை கொஞ்சம் தள்ளியிருப்பது போலத் தெரிகிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

செப்டம்பர் 19

அண்ணன் போன் செய்தான். ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறான். “என் தங்கச்சி அந்த ஆபீஸ்லதான் இருக்கா. நாடு பூராத்துக்கும் கணக்கு அவ கையிலதான். வெடிதான்னு சொல்லிட்டா” என்றானாம். மனு கொடுக்கப் போனவர்கள் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் ஒருவர் மட்டும் எழுத்தில் வாங்கித் தரச் சொன்னாராம். “எந்தங்கச்சி வாய்ச்சொல்லு போதும்னுட்டேன்” என்றான்.

எழுத்தில் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவன் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாடியில் புதிதாகக் கட்டிய அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே பழைய கற்சுவர், மேலே கான்கிரீட். காற்று நன்றாக வரும் என்றான்.

செப்டம்பர் 28

சாப்பாட்டு நேரத்தில் ஹமீதாவோடு உட்கார்ந்தேன். நிலையங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறாள். சின்னப் பெண், வாய் ஓயாது. அவள் திரையில் தென்னிந்தியா முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒரு நிலையம் வேலை செய்தால் பச்சை, செத்தால் சிவப்பு.

“எல்லாம் பச்சையா இருக்கே. உனக்கு வேலையே இல்ல போல.”

“பச்சைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல மேடம். உயிரோட இருக்குன்னு அர்த்தம். என்னை மாதிரி.”

சிரித்தோம். அவள் கொண்டு வந்திருந்த கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

அக்டோபர் 4

அரசடிக்குளத்திலிருந்து எழுதுகிறேன். சுகந்திக்கு மகள் பிறந்திருக்கிறாள். வார இறுதியோடு விடுப்புச் சேர்த்து வந்தேன். கையில் வாங்கியபோது கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டாள். “அத்தையப் பாத்ததுமே அலுப்பு வந்துட்டு” என்றாள் சுகந்தி.

பஸ் குவாரி வழியாகத்தான் வந்தது. வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே ஜல்லிக் குவியல் மேல் ஆவாரஞ்செடி. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்றைக்கு விடுமுறையோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

“எங்கம்மா. கோர்ட்டுத் தடை. ஆனி மாசம் பூட்டுனது. லாரிக்காரன் பூராவும் வேற ஊருக்குப் போயிட்டான்.”

மத்தியானம் மாடியறையில் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது, கீழே தெருவில் கனமான லாரி போவது போல ஒரு உறுமல் வந்தது. ஜன்னல் கம்பி மெல்லப் பாடியது. பிறகு நின்றுவிட்டது. தெருவில் லாரி இல்லை. யாரும் தலை நிமிரவில்லை. சுகந்தி மடித்துக்கொண்டிருந்த துணியைத் தொடர்ந்து மடித்தாள்.

“உங்க வெடி வந்தாச்சு” என்றாள் வேலம்மா மதினி, எனக்குக் காப்பித் தம்ளரை நீட்டியபடி. “இப்பல்லாம் பிள்ளைகூட முழிக்கதில்ல. தாலாட்டுன்னு நெனைச்சுக்கிடுது.”

காப்பி நன்றாக இருந்தது. ஊர்ப் பாலில் போட்டால் ருசியே தனி.

நாளைக்கு இருப்பதாக வந்தேன். இன்றே கிளம்புகிறேன். அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 6

ஹமீதாவின் மேஜைக்கு நேராகப் போனேன். தோணிமலை நிலையத்தின் இரவுப் பதிவைக் காட்டு என்றேன். தேடினாள். மறுபடி தேடினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தேடினாள்.

“மேடம், ராத்திரி ஒண்ணுமே இல்ல.”

“நடுக்கம் இல்லையா?”

“பதிவே இல்ல. சோலார்ல ஓடுற நிலையம். பேட்டரி செத்துடுச்சு போல. வெயில் வந்ததும் முழிக்குது, வெயில் போனா தூங்கிடுது. எத்தனை மாசமா இப்படின்னு பாத்துதான் சொல்லணும்.”

“உன் திரையில பச்சையாத்தானே இருந்தது?”

“நாள்ல எப்பவாவது ஒரு தடவை தகவல் வந்தாலே பச்சை காட்டும் மேடம். அப்படித்தான் வச்சிருக்காங்க. இல்லன்னா பாதி நாடு சிவப்பா இருக்கும், மேலிடத்துல கேள்வி வரும்.”

பக்கத்தில் இருக்கும் நிலையம் அதிர்வைக் கேட்டால்தான் தூரத்து நிலையங்களின் மங்கலான கோடுகளையும் சேர்த்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். அது தூங்கினால் சின்ன நடுக்கம் எதுவும் எங்களுக்கு நடுக்கம் இல்லை. ஆக, தோணிமலையில் பகலில் மட்டும் நடுங்கவில்லை. பகலில் மட்டும் கேட்டிருக்கிறோம். பகலில் மட்டும் வருவதால் சல்லடை அதையும் வெடி என்று வெளியே கொட்டியிருக்கிறது.

குவாரி ஆனி மாதமே பூட்டியதைச் சொன்னேன். ஹமீதா என்னைப் பார்த்தாள். “பூட்டின குவாரிக்கு வெடின்னு போட்டுருக்கே. அந்தச் சல்லடை நீங்க எழுதினதுதானே மேடம்? விருதுகூட வாங்கினீங்களே.”

டீ ஆறிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

தாணுமாலயன் சாரிடம் எல்லாவற்றையும் வைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“செண்பகவல்லி, உங்க கையில இருக்கிறது சந்தேகம். ஆதாரம் இல்ல.”

“ராத்திரிப் பதிவு இல்லைங்கிறதுதான் சார் விஷயமே.”

“இல்லாத ஒண்ணை வச்சுக் கலெக்டருக்கு எழுத முடியுமா? பேட்டரி கேட்டு எழுதிப் போடுங்க. வரட்டும். கொஞ்ச மாசம் பதிவு பாப்போம்.”

“அதுக்குள்ள மழை வந்து அணை நெறஞ்சிடும் சார். தண்ணி ஏற ஏறப் பாறை விரிசல்ல அழுத்தம் கூடும். நாலு மாசமா அளவு மெதுவா ஏறிட்டே வருது.”

“ஏறி அப்படியே அடங்கிப் போன அணைகளும் இருக்கு. உங்களுக்கே தெரியும். எந்த நாள்னு சொல்லுங்க, இப்பவே எழுதுறேன். சொல்ல முடியுமா?”

“முடியாது சார்.”

“உலகத்துல யாராலயும் முடியாது. அப்ப நாம வாயத் திறந்தா அதுக்குப் பேர் வதந்தி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சின்ன அதிகாரியா இருந்தப்ப, பூகம்பம் வருதுன்னு எவனோ கிளப்பிவிட்டு ஒரு ஊரே மாடிப்படியில இறங்கி ஓடுச்சு. பூமி ஆடவே இல்ல. படிக்கட்டுல மிதிபட்டு ஒரு கர்ப்பிணி செத்துப்போச்சு. அந்தப் பொண்ணு எந்தப் பட்டியல்ல வரும்?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

அக்டோபர் 9

அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 15

அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. தொட்டிலில் குழந்தை கிடக்கும் படத்தை அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தைக்குப் பின்னால் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு கோடு. மாதத் தொடக்கத்தில் நான் அந்த அறையில் இருந்தபோது அது இல்லை. சுவரில் நிழலாகவும் இருக்கலாம்.

தொலைக்காட்சியில் வடகிழக்குப் பருவமழை சீக்கிரம் தொடங்கும் என்கிறார்கள். விவசாயிகள் மகிழ்ச்சி.

அக்டோபர் 20

சல்லடையை நிறுத்திவிட்டு, தோணிமலையில் அது வெளியே தள்ளிய அத்தனையையும் பட்டியலுக்குள் திரும்பக் கொண்டு வந்தேன். வரைபடத்தில் புள்ளிகள் குவாரியில் இல்லை. அணைக்கு அடியில் தொடங்கி, ஒரு கோடாக, ஊரை நோக்கி நகர்ந்திருந்தன. குவாரி அந்தக் கோட்டிலேயே இல்லை. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க முடியும். வரைந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஹமீதாவிடம் காட்டினேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “மதுரைப் பக்கத்துல ஒரு நிலையம் மூடப் போறாங்க. அங்க ஒரு நல்ல பேட்டரி இருக்கு. எழுதிக் கேட்டா வருஷமாகும். எழுதாம எடுத்தா நாளைக்கே போகலாம்” என்றாள்.

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பம்’ என்று போட்டேன்.

அக்டோபர் 23

அரசடிக்குளம். ஹமீதா பேட்டரியோடு மலைக்குப் போய்விட்டாள். இடையில் மதுரையில் இரண்டு நாள் போய்விட்டது. நான் அண்ணனைக் கடைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். அண்டாக்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். முழுக்கக் கேட்டான்.

“அப்பம் வெடி இல்ல.”

“இல்லண்ணே.”

“உன் மதினி கண்டது சொப்பனமும் இல்ல.”

“இல்ல.”

“எப்ப வரும்?”

“தெரியாது. நாளைக்கு வரலாம், அடுத்த வருசம் வரலாம். வராமலும் போகலாம். ஆனா கல் வீட்டுக்குள்ள, மாடியறையில படுக்க வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

கொஞ்ச நேரம் ஒரு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்குப் போன்ல ஒரே சொல்லுல சொன்ன. வெடின்னு. ஊருக்கும் ஒரே சொல்லுல சொன்னேன். இன்னிக்கு நெசத்தச் சொல்லுத, சரி. ஆனா நூறு ‘லாம்’ போட்டுச் சொல்லுத. இத எப்படிட்டி நான் போய்ச் சொல்லுவேன்?”

“நானே சொல்லுதேன்.”

“சொல்லு” என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 24

ஊர்க்கூட்டம். சமுதாயக் கூடத்தின் தகரக் கொட்டகையில் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்கினேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெடின்னு சொன்னதும் நீங்கதானம்மா?” எழுத்தில் கேட்ட வாத்தியார்தான்.

“ஆமா.”

“இப்ப இல்லங்கதும் நீங்கதான். அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்க?”

பின்னாலிருந்து ஒரு கிழவர், “விடுப்பா, மெட்ராசுக்காரிக்கு லீவு கெடைச்சிருக்கு. பொழுது போவணும்லா” என்றார். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தெரிந்த பெண்ணைப் பார்த்துச் சிரிப்பது.

வெளியில் படுங்கள் என்று கேட்டேன். எத்தனை நாளைக்கு என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றேன். பனி, பாம்பு, களவு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொன்ன எல்லாமே நிச்சயமானவை. என்னிடம் இருந்தது அப்படி இல்லை.

யாரும் வெளியே வரவில்லை. நாங்கள் மட்டும் முற்றத்தில் படுத்தோம். சுகந்தி குழந்தையோடு மாடியை விட்டுக் கீழே வரச் சம்மதித்தாள். வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள். “சளி பிடிச்சா நீங்களா அத்த பாப்பீங்க?”

அக்டோபர் 25

காலையில் ஹமீதா மலையிலிருந்து பேசினாள். பேட்டரி வேலை செய்கிறது. நேற்று இரவு முழுவதும் நிலையம் விழித்திருந்தது. எத்தனை நடுக்கம் என்று சொன்னாள். பகலில் வருவதைவிட அதிகம். அளவுகளையும் சொன்னாள். கடைசி அளவைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எழுதிக்கொண்டேன், வேறொரு காகிதத்தில். இங்கே எழுதவில்லை.

தாணுமாலயன் சாருக்கு உடனே அனுப்பினேன். ‘ஒரு நாள் பதிவு போதாது. தொடரவும்’ என்று பதில் வந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. அணையில் தண்ணீர் மதகைத் தொடுவதாகப் பாலுக்கு வந்த பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

மாலையில் மதினியோடு கடைத்தெருவுக்குப் போனேன். பொட்டணம் கட்டிக்கொண்டே மளிகைக்கடைக்காரர் கேட்டார், “என்னம்மா, வருமா வராதா? ஒரு முடிவாச் சொல்லுங்க.” சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். வாத்தியாரும் இருந்தார்.

“வரும்” என்றேன்.

“எப்ப?”

“இன்னிக்கு ராத்திரி.”

ஒரு ‘லாம்’ கூடப் போடவில்லை. பொட்டணம் கட்டிய கை நின்றுவிட்டது. மதினி என் முழங்கையைப் பிடித்தாள்.

இருட்டுவதற்குள் ஊரே வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பாய், கட்டில், கோழிக்கூடு, தொலைக்காட்சிப் பெட்டி. அண்ணன் கடையைத் திறந்து தார்ப்பாய்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டான். சுகந்தியும் குழந்தையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஊர் வந்ததால் வந்தாள்.

அக்டோபர் 26, காலை

வரவில்லை.

பாய்களைச் சுருட்டுகிறார்கள். என்னை யாரும் திட்டவில்லை. கடந்து போன ஒருவர் மட்டும் மரியாதையாக நின்று, “யம்மா, நேத்து வர வேண்டிய பஸ்ஸு பஞ்சர் ஆயிட்டோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 26, மாலை

நேற்று நான் கடையில் பேசியதை யாரோ கைபேசியில் எடுத்திருக்கிறார்கள். எங்கெங்கோ சுற்றி மத்தியானத்துக்குள் சென்னைக்குப் போய்விட்டது. தாணுமாலயன் சார் பேசினார். கத்தவில்லை.

“நீங்களா செண்பகவல்லி? நீங்களா நாள் குறிச்சீங்க?”

“ஆமா சார்.”

“இனி இந்தத் துறையில உங்க பேச்சை யாரும் எடுத்துக்க மாட்டாங்க. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“பட்டியல்ல தோணிமலை?”

“திரும்பச் சேர்த்துட்டேன். என் பேர் போட்டு, காரணமும் எழுதி அனுப்பியிருக்கேன். வெளியிடுறது உங்க கையில.”

வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு மேல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத் தெருவாக வந்தது. “பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நிலநடுக்கம் எந்த நாளில் ஏற்படும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் அறிவியல் வழிமுறை உலகில் எங்கும் இல்லை. வதந்திகளை நம்பி அச்சப்பட வேண்டாம். அனைவரும் தங்கள் இல்லங்களுக்குத் திரும்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு போனது. கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் பிழை எதுவும் இல்லை. மற்றதையெல்லாம் என்னை எழுதச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

மைதானத்தில் மிச்சமிருந்தவர்களும் கட்டிலைத் தூக்கினார்கள். மழை தூற ஆரம்பித்தது. அது அவர்களுக்கு நல்ல சாக்காக இருந்தது. மதினி குழந்தையின் துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள், பின்னாலேயே சுகந்தி.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். ஆட்டோ மூலை திரும்பியதும் கேட்டான்.

“அவன் சொல்லுதது நெசமாட்டி?”

“நெசம்தாண்ணே.”

“நாள் சொல்ல முடியாதா?”

“யாராலயும் முடியாது.”

“அப்பம் நேத்து நீ கடையில சொன்னது?”

சின்ன வயதில்கூட இவனிடம் நான் எதையும் மாற்றிச் சொன்னதில்லை; சொல்லத் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான். வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தான்.

“ஏ வேலம்மா, பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு பேரும் வெளிய வாங்க.”

“அதான் அவன் மைக்குல சொல்லிட்டுப் போறான்லா. இந்த மழையில எங்க வர?”

“வான்னா வா. எந்தங்கச்சி பொய் சொல்லிருக்கா.”

“பொய்யின்னு தெரிஞ்ச பெறகும் எதுக்கு வெளிய வரணும்?”

“அவளப் பொய் சொல்ல வச்சிருக்குல்லா, அதுக்குத்தான்.”

இரண்டு தார்ப்பாயை ஒன்றாக மடித்து முற்றத்து நடுவில், சுவர் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் கட்டினான். தூரத்தை அவனே காலடியால் அளந்தான். சரியாகத்தான் அளந்தான். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சுகந்தி குழந்தையை என்னிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். ஆனால் வந்து உட்கார்ந்தாள்.

தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மழை வலுக்கிறது. தெருவில் மற்ற வீடுகளில் கதவுகளைச் சாத்துகிறார்கள். ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் இங்கே கேட்கிறது.